சோலார் பேனலில் காட்மியம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நாங்குநேரி, மானூர், இராதாபுரம் வட்டாரங்களில் மானாவாரி நிலங்களைச் சோலார் மின் நிலையங்களுக்குக் குத்தகைக்குக் கேட்டு நிறுவனங்கள் வரத் தொடங்கியதிலிருந்து, மென்படல சோலார் பேனல்களில் இருக்கும் காட்மியம் என்னும் நச்சு உலோகத்தைப் பற்றி எங்கள் கேள்வி-பதில் பகுதிக்குத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு நாங்குநேரிக்குத் தெற்கே முப்பது ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. ஒரு நிறுவனம் அதை 28 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறது. அவர்கள் பொருத்தப் போவது மென்படல வகை என்றும், அதில் காட்மியம் என்னும் விஷம் இருப்பதால் நாலு மழை பெய்தால் கிணறும் குளமும் கெட்டுவிடும் என்றும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நிறுவனத்தின் ஆளைக் கேட்டால், 'ஒரு சொட்டு விஷமும் கிடையாது' என்று அடித்துச் சொல்கிறார். யாரை நம்புவது?
– நாங்குநேரி வாசகர்

பதில்: ஊரார் சொல்வதிலும் பாதி உண்மை, நிறுவனத்தின் ஆள் சொல்வதிலும் பாதி உண்மை. காட்மியம் இல்லை என்பது பொய். நாலு மழையில் கிணறு கெட்டுவிடும் என்பதும் பொருந்தாது.

மென்படலப் பேனல்களில் இன்று பெரிய மின் நிலையங்களுக்கு வருவது பெரும்பாலும் காட்மியமும் டெல்லூரியம் என்னும் தனிமமும் சேர்ந்த காட்மியம் டெல்லூரைடு வகைதான். வழக்கமான சிலிக்கான் பேனலில் செல்லின் கனம் நூறு மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருக்க, இதில் மின்சாரம் தயாரிக்கும் படலத்தின் கனம் ஏறத்தாழ 3 மைக்ரான் மட்டுமே. கண்ணாடியின் ஒரு முகத்தில் அந்தப் படலத்தைப் படியவைத்து, அதன்மேல் இன்னொரு கண்ணாடியை வைத்து, இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாளை உருக்கி ஒட்டி, ஓரங்களையும் அடைத்துவிடுகிறார்கள். காட்மியம் இருப்பது அந்த இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையில்தான்.

எவ்வளவு இருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பேனலில் 5 முதல் 10 கிராம் வரை காட்மியம் இருக்கும். ஒரு சதுர மீட்டர் சுமார் 180 வாட் தருகிறது என்று கொண்டால், ஒரு மெகாவாட்டுக்கு 5,500 சதுர மீட்டர் அளவுக்குப் பேனல் வேண்டும். மெகாவாட்டுக்கு ஐந்து ஏக்கர் வீதம் உங்கள் முப்பது ஏக்கரில் 6 மெகாவாட் வரும் என்றால், அந்த நிலத்தின்மேல் நிற்கப் போகும் காட்மியம் 165 கிலோவுக்கும் 330 கிலோவுக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கும். இது சிறிய அளவன்று. குத்தகை கேட்டு வருகிறவர்கள் இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லாததுதான் ஊரில் வதந்தி பரவுவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

காட்மியத்தின் மீதுள்ள அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஜப்பானின் டோயாமா பகுதியில், துத்தநாகச் சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, அந்த ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, எலும்புகள் இளகி, லேசான அசைவிலேயே முறிந்தன. வலி தாளாமல் நோயாளிகள் எழுப்பிய ஓலமே 'இட்டாய் இட்டாய்' என்று நோயின் பெயராயிற்று. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளைகளைப் பெற்ற, நடுவயதைக் கடந்த பெண்கள். தொழிற்சாலை மாசினால் வந்த நோய் என்று ஜப்பான் அரசு அதை 1968இல் ஒப்புக்கொண்டது. உடலுக்குள் சென்ற காட்மியம் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை தங்கும் என்பதும், அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது என்பதும் உறுதியான செய்திகள்.

ஆனால் ஜின்சு ஆற்றில் கலந்த காட்மியமும், கண்ணாடிகளுக்கிடையே இருக்கும் காட்மியம் டெல்லூரைடும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. டெல்லூரியத்தோடு சேர்ந்து சேர்மமாகிவிட்ட காட்மியம் சாதாரண நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். அது உருகுவதற்கே ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். உடையாத பேனலின் மீது எத்தனை ஆண்டுகள் மழை பெய்தாலும், நீர் படுவது வெளிக்கண்ணாடியின் மீதுதானே தவிர உள்ளே இருக்கும் படலத்தின் மீது அன்று. உடைந்தாலும், நடுவிலுள்ள பிளாஸ்டிக் தாள் கண்ணாடித் துண்டுகளைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால், விரிசல் விழுந்த ஓரங்களில் மட்டுமே நீர் உள்ளே எட்டும்.

கவலைப்பட வேண்டியது இதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றித்தான். பேனலைச் சிறு துண்டுகளாக்கி, அமிலத் தன்மையுள்ள நீரில் மாதக் கணக்கில் ஊறவைத்துச் செய்த ஆய்வுகளில் காட்மியம் கணிசமாகக் கரைந்து வெளியே வந்திருக்கிறது. அழுகும் குப்பை நிறைந்த கிடங்குக்குள் அத்தகைய அமிலச் சூழல் இயல்பாகவே அமையும். இந்தியத் தரநிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கரைந்த காட்மியம் ஒரே ஒரு கிராம் இருந்தால் போதும், மூன்று லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். இரண்டரை சதுர மீட்டர் அளவுள்ள ஒரு பேனலில் 12 முதல் 25 கிராம் வரை இருக்கிறது. ஆகவே, தாங்கியின்மேல் நிற்கும் பேனலால் உங்கள் கிணற்றுக்கு வரும் ஆபத்து மிகச் சிறிது. அதே பேனலை உடைத்துக் குளத்தங்கரையில் குவித்தால் வரும் ஆபத்து அப்படிப்பட்டதன்று.

மண்ணுக்கும் இதில் பங்குண்டு. சுண்ணாம்பு கலந்த, காரத் தன்மையுள்ள கரிசல் மண் காட்மியத்தை ஓரளவு பிடித்துவைக்கும். உவர் ஏறிய நிலத்திலோ, உப்பிலுள்ள குளோரைடு அதைக் கரைத்து நகர்த்தும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நாம் வயலுக்குப் போடும் சூப்பர் பாஸ்பேட், டிஏபி ஆகிய பாஸ்பேட் உரங்களில் இயற்கையாகவே சிறிதளவு காட்மியம் உண்டு. எனவே நாளை உங்கள் நிலத்து மண்ணில் காட்மியம் இருப்பதாகப் பரிசோதனை காட்டினால், அது உரத்தால் வந்ததா, பேனலால் வந்ததா என்ற வழக்கில் நீங்கள் மாட்டிக்கொள்ளக் கூடும்.

இதனால்தான் கையெழுத்திடுவதற்கு முன்பே மண்ணையும் கிணற்று நீரையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் காட்மியம், காரீயம் இரண்டுக்கும் சோதித்து, அந்த அறிக்கையைப் பத்திரத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். பேனல் எந்த வகை, எந்த நிறுவனத் தயாரிப்பு என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். உடைந்த பேனலை இத்தனை நாளுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், எடுத்துச் செல்லும் வரை கூரையுள்ள, சிமெண்டுத் தளம் போட்ட இடத்தில் வைக்க வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, குத்தகை முடியும்போது பேனல்கள் அனைத்தையும் அகற்றும் செலவுக்கான வைப்புத் தொகை அல்லது வங்கி உத்தரவாதம். இருபத்தெட்டு ஆண்டுகளில் நிறுவனம் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். கடைசியில் இருப்பவர் நொடித்துப் போனால், அத்தனை பேனலும் உங்கள் பேரன் தலையில் விழும். குத்தகைத் தொகையில் ஏக்கருக்கு ஆயிரம் கூடக் கிடைக்கப் பேரம் பேசுவதைவிட, இந்த ஒரு நிபந்தனைக்காக மல்லுக்கு நிற்பது மேல்.

கேள்வி: பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியத்தோடு எங்கள் வீட்டுத் தட்டட்டியில் 3 கிலோவாட் பேனல் போட்டிருக்கிறோம். தட்டட்டியில் விழும் மழை நீரைத்தான் தொட்டியில் பிடித்துச் சமையலுக்கு எடுக்கிறோம். இதிலும் காட்மியம் இருக்குமா?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: வீட்டுக் கூரைகளுக்கு வருபவை அநேகமாக எல்லாமே சிலிக்கான் பேனல்கள். நேரில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பேனலுக்குள் சதுரம் சதுரமாகச் செல்கள் தெரிந்து, அவற்றின்மேல் வெள்ளி நிறத்தில் மெல்லிய கம்பிக் கோடுகள் ஓடினால் அது சிலிக்கான். மென்படலப் பேனலில் சதுரங்கள் இரா. முழுவதும் ஒரே கருமையாக இருந்து, உற்றுப் பார்த்தால் மட்டும் தலைமுடி கனத்தில் நெருக்கமான இணைகோடுகள் தெரியும். பின்புறம் ஒட்டியுள்ள சீட்டிலும் வகை அச்சிடப்பட்டிருக்கும்.

சிலிக்கான் பேனலில் காட்மியம் இல்லை. ஆனால் செல்களை இணைக்கும் பற்றவைப்பில் சில கிராம் காரீயம் இருக்கலாம். அதுவும் உள்ளே அடைபட்டே இருக்கும். பேனல்மேல் விழுந்து வரும் நீரில் உண்மையில் கலப்பவை தூசியும், காக்கை, புறா எச்சமும்தான். முதல் மழை நீரை வெளியே விட்டு, பிறகு வருவதை வடிகட்டிப் பிடித்து, கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். பேனல் ஏதேனும் உடைந்திருந்தால், அதை மாற்றும் வரை அந்தப் பக்கத்து நீரைத் தொட்டிக்கு விட வேண்டாம்.

கேள்வி: ஆக்கர் கடை வைத்திருக்கிறேன். உடைந்த சோலார் பேனல்களை வண்டியில் கொண்டுவந்து எடைக்குப் போடுகிறார்கள். அலுமினியச் சட்டத்தையும் செம்பு ஒயரையும் எடுத்துக்கொண்டு மீதியை உடைத்துப் பள்ளத்தில் போட்டுவிடுகிறோம். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும் உண்டு. இதில் தவறு உண்டா?
– வள்ளியூர் வாசகர்

பதில்: மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்பதால் நேராகவே சொல்கிறேன். மென்படலப் பேனலின் வாழ்க்கையில் மிக மோசமான இடம் உங்கள் கடைப் பள்ளம்தான். பேனலைச் சுத்தியலால் தூளாக்கும்போது எழும் தூசியை முதலில் சுவாசிப்பது அதை உடைக்கும் உங்கள் ஆட்கள். வயிற்றுக்குள் போகும் காட்மியத்தில் ஒரு சிறு பங்கே உடலில் சேரும்; மூச்சின் வழியே போகும் நுண்தூசியிலிருந்து சேர்வது அதைவிட மிக அதிகம். பீடி, சிகரெட் குடிப்பவராக இருந்தால், புகையிலையிலேயே காட்மியம் இருப்பதால் சுமை இரட்டிப்பாகிறது.

சிலிக்கான் பேனலாக இருந்தாலும் எரிக்கக் கூடாது. அதன் முதுகுப்புற வெள்ளைத் தாள் பல பேனல்களில் ஃப்ளூரின் கலந்த பிளாஸ்டிக்கால் ஆனது. எரிந்தால் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வாயு வரும். ஒயரின் மேலுறை எரியும் புகையும் நஞ்சுதான். செம்பை உரித்தெடுக்கக் கைக்கருவிகள் கிடைக்கின்றன.

சட்டமும் மாறிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளில் சோலார் பேனல்கள் தனி அத்தியாயமாகவே சேர்க்கப்பட்டுள்ளன. 2034-35 வரை சேரும் பேனல் கழிவை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்படி சேமித்துவைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. பதிவு பெறாத கடையில் பேனலை உடைப்பது அந்த விதிகளுக்குப் புறம்பானது. வாங்குவதை நிறுத்துங்கள், ஏற்கெனவே கிடப்பவற்றை உடைக்காமல் முழுதாக ஒரு கூரைக்கடியில் அடுக்கி, திருநெல்வேலியிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஒழுங்கான ஆலையில் இதே பேனலைப் பொடியாக்கி, அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் படலத்தைக் கரைத்து, காட்மியத்தையும் டெல்லூரியத்தையும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மீட்கிறார்கள். கண்ணாடியும் மறுபடி பயனுக்கு வருகிறது. அங்கேயும் உடைக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் மூடிய எந்திரத்துக்குள், தூசியை உறிஞ்சி வடிகட்டும் அமைப்போடு.

கேள்வி: டிப்ளமோ முடித்த என் மகளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மென்படலப் பேனல் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. அனுப்பப் பயமாக இருக்கிறது. கங்கைகொண்டானிலேயே பேனல் ஆலை இருக்கிறதே, அங்கே முயலச் சொல்லலாமா?
– அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் குழுமம் நடத்தும் ஆலை சிலிக்கான் செல்களும் பேனல்களும் செய்வது, அங்கே காட்மியத்துக்கு வேலை இல்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2024 ஜனவரியில் திறந்த, ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறனுள்ள ஆலை காட்மியம் டெல்லூரைடு வகையைச் செய்கிறது. சிலிக்கான் ஆலை என்றாலே ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் சிலேன் வாயுவும், கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் அங்கே புழங்கும்.

மென்படல ஆலையில் எந்தப் பிரிவில் வேலை என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். படலம் படியவைப்பது மூடிய வெற்றிட அறைகளுக்குள் நடப்பதால் வழக்கமான ஓட்டத்தில் தூசி வெளியே வர வழியில்லை. அந்த அறைகளைத் திறந்து சுத்தம் செய்யும்போதும், பழுது பார்க்கும்போதும்தான் தூசி கிளம்பும். படலத்தைப் பக்குவப்படுத்தக் காட்மியம் குளோரைடைப் பயன்படுத்துவதும் உண்டு; இது டெல்லூரைடைப் போலன்றி நீரில் எளிதாகக் கரைவது, அதனால் கூடுதல் நஞ்சுள்ளது. மகளுக்கு அந்தப் பிரிவுகளிலா வேலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலைக்குச் சேரும்போதே ரத்தத்திலும் சிறுநீரிலும் காட்மியம் எவ்வளவு என்று பரிசோதித்து, பிறகு ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பாதிக்கத் தொடங்குவதை முன்கூட்டிக் காட்டும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சோதனையும் உண்டு. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை உடையை ஆலையிலேயே மாற்றி, அங்கேயே துவைக்கக் கொடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆலை நல்ல ஆலை அன்று. இன்னொன்று, இரும்புச்சத்துக் குறைந்த உடல் உணவிலிருந்து காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளில் பலருக்கு ரத்தசோகை இருப்பதால், புறப்படும் முன் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துச் சரிசெய்து அனுப்புங்கள். இந்த ஏற்பாடுகள் எல்லாம் உண்டு என்று தெரிந்தால், வேலையை வேண்டாம் என்று சொல்ல நான் காரணம் காணவில்லை.

கேள்வி: காட்மியம் இல்லாத மென்படலப் பேனல் கிடையாதா?
– தென்காசி கல்லூரி மாணவர்

பதில்: உண்டு. கால்குலேட்டரில் நீங்கள் பார்த்திருக்கும் பழுப்பு நிறப் பட்டை, படிகமாகாத சிலிக்கானால் ஆன மென்படலம்தான். அதில் கன உலோகம் இல்லை. ஆனால் மின்திறன் குறைவு என்பதால் சந்தையில் நிலைக்கவில்லை. மேலும், அதைத் தயாரிக்கும் அறைகளைச் சுத்தம் செய்யப் பயன்படும் நைட்ரஜன் ட்ரைஃப்ளூரைடு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிடப் பதினாறாயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்க வல்லது. செம்பு, இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த இன்னொரு வகையிலும் மிக மெல்லிய காட்மியம் சல்பைடு அடுக்கு இடம்பெறுவதுண்டு. இப்போது ஆய்வகங்களிலிருந்து வெளிவரும் பெரோவ்ஸ்கைட் வகையில் இருப்பது காரீயம், அதுவும் நீரில் கரையக்கூடிய வடிவத்தில். அந்த வகை பரவலாக வந்தால், இன்று காட்மியத்தைப் பற்றிக் கேட்பதைவிடக் கூர்மையாக நாம் கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மேற்கே சோலார் நிலையம் இருக்கிறது. சித்திரையில் காய்ந்த புல்லில் தீப்பிடித்தால் காட்மியப் புகை ஊருக்குள் வருமா? 2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் என்ன ஆகும்?
– இராதாபுரம் வாசகர்

பதில்: புல் எரியும் தீ, காட்மியம் டெல்லூரைடை ஆவியாக்கும் அளவுக்குச் சூடாகாது, வேகமாகப் பரவி அணைந்துவிடும். கட்டடத் தீயின் வெப்பத்தில் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம் சோதித்து 2005இல் வெளியிட்டது. பேனலின் சிறு துண்டுகளை 1,100 டிகிரி வரை சூடாக்கியபோது, இரு கண்ணாடிகளும் உருகி ஒட்டிக்கொண்டு காட்மியத்தை உள்ளேயே சிறைப்பிடித்தன; 99.96 சதவீதம் கண்ணாடிக்குள்ளேயே தங்கியது. ஓரங்களில் மட்டும் சிறிது கசிந்தது. எனவே தீயில் காட்மியத்தைவிட, எரியும் ஒயர், பிளாஸ்டிக் ஆகியவற்றின் புகையே உடனடித் தொல்லை. புகை வராத பக்கமாக, காற்று வீசி வரும் திசையில் விலகி நிற்க வேண்டும். தீ அணைந்த பிறகு கிடக்கும் துண்டுகளைக் கையுறையோடு பொறுக்கி அகற்றும் பொறுப்பு நிலையத்தாருடையது. புல் மண்டாமல் இருக்கச் செம்மறிக் கிடை போட அனுமதிப்பது நம் ஊருக்கு ஏற்ற வழி. வெள்ளாடு வேண்டாம், அது பேனல்மேல் ஏறும்; ஒயரையும் கடிக்கும்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த அந்த மழையைப் போல ஒன்று வந்தால், அடித்துவரப்படும் பேனலில் முதலில் அஞ்ச வேண்டியது மின்சாரத்துக்கு. வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை பேனலை யாராலும் 'ஆஃப்' செய்ய முடியாது. பெரிய நிலையங்களில் ஒரு வரிசையில் இணைந்த பேனல்கள் 1,000 வோல்ட்டுக்கு மேலும் நேர்மின்சாரம் தாங்கி நிற்கும். வயலில் ஒதுங்கிய பேனலைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொண்டு, நிலையத்தாரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஊராட்சியின் சார்பில் செய்ய வேண்டியது, வெள்ளத்துக்குப் பின் எத்தனை பேனல் காணவில்லை, எத்தனை திரும்பக் கிடைத்தது என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குவது.

கேள்வி: சோலார் பேனலிலிருந்து கதிர்வீச்சு வருமா? கர்ப்பிணிகள் பக்கத்தில் போகலாமா?
– கூடங்குளம் வாசகி

பதில்: வராது. காட்மியம் டெல்லூரைடும் சிலிக்கானும் அணுக்கதிர் வீசும் பொருள்களாகப் பயன்படுபவை அல்ல. பேனல் செய்வது வெயிலை மின்சாரமாக மாற்றுவது மட்டுமே. இன்வெர்ட்டரைச் சுற்றி இருக்கும் மின்காந்தப் புலம் ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே வெகுவாகக் குறைந்துவிடும். கர்ப்பிணிகள் தாராளமாகப் போகலாம். உடைந்த பேனலைத் தொட வேண்டாம்.